ஆறு குழாய் வைத்த வண்டி

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. முகூர்த்தச் சேலை, சமையல்காரர், மேளம் என்று நான் கேட்ட எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதியிருக்கிறாய். கடைசியில், தாளை மடிக்கும் இடத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: வண்டிக்குச் சின்ன வேலை ஒன்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஆத்தா கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டாம் என்று யாராவது எழுதினால் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த வரியைத்தான். உன் அப்பாவிடம் என்ன வேலை என்று கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னமோ ஹெட்டராம் என்றார். நீ எழுதிய கடிதத்தில் அந்தச் சொல்லே இல்லை. அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்? ஆக, அப்பாவும் மகனும் எனக்குத் தெரியாமல் தனியாக எழுதிக்கொள்கிறீர்கள். அவருடைய கடலை மண்டி முகவரிக்குத்தான் அந்தக் கடிதங்கள் வந்திருக்கும். இருக்கட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் துருவியதில் மிச்சத்தையும் சொல்லிவிட்டார். மெட்ராஸில் உன் சிநேகிதர்கள் சோழவரத்தில் ரேஸ் ஓட்டுகிறவர்களாம். கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்புப் புகைக்குழலைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்ஜினில் புகை வரும் ஒவ்வொரு துவாரத்துக்கும் தனித்தனிக் குழாய் வைத்து, எல்லாவற்றையும் ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்களாம், அதற்குத்தான் ஹெட்டர் என்று பேராம். வண்டி பறக்குமாம். கல்யாணம் முடிந்து ஆவுடையார்கோவிலிலிருந்து தெய்வானையை நீ அந்த வண்டியில்தான் கூட்டிவரப் போகிறாயாம். இது என்னவோ உங்கள் காலத்துப் புது வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நம் வீட்டிலிருந்து நீ எடுத்துப்போன அந்த வண்டிக்கு அதே வேலை ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது தம்பி. நீயும் அந்த வண்டிக்குள்தான் இருந்தாய். மயங்கிக் கிடந்ததால் உனக்குத் தெரியாது. உன் அப்பா சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன். இதில் உன் அத்தையும் சம்பந்தப்பட்டிருக்கிறாள். அவள் மகள் தெய்வானையைக் கட்டப்போகிறவன் நீ. தாலி கட்டும் முன்பு இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு பெரிய வீடுகளில் நின்ற சீமை வண்டிகள் ஒவ்வொன்றாக விலைக்கு வந்தன. திருமயம் பக்கத்தில் ஒரு வியாபாரக் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மெட்ராஸுக்குக் குடிபோனபோது, கொட்டகையில் நின்ற கருநீல வண்டியை உன் அப்பா வாங்கிவந்தார். நல்ல வண்டியை எதற்கு விற்கிறார்கள் என்று நான் கேட்டேன். நல்ல வீட்டையே பூட்டிவிட்டுப் போகிறவர்கள் வண்டியை விற்க மாட்டார்களா என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனால் வண்டி என் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் சில வருஷம் ஓடியது. டிரைவர் வைக்காமல் அவரே ஓட்டினார். நீ நாலாம் வகுப்புப் படித்தபோதுதான் அந்த மேனிபோல்டு வெடித்தது. இன்ஜினின் புகையை வாங்கிப் பின்பக்கம் அனுப்பும் வார்ப்பிரும்பு அது. அந்த மாடலைக் கம்பெனி கைவிட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. திருச்சியிலும் இல்லை, மதுரையிலும் இல்லை என்றார்கள்.

அப்போது வந்தவர்தான் லூர்துசாமி. சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு, புதுக்கோட்டையில் பட்டறை போட்டிருந்தார். பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெடித்த வார்ப்பை ஒட்டினால் மறுபடி வெடிக்கும், அதைவிட ஒசத்தியாக நான் செய்துதருகிறேன் என்றார். கம்பெனிக்காரன் செய்ததைவிட ஒசத்தியாகவா என்று நான் கேட்டேன்.

"கொட்டகையில படம் முடிஞ்சு ஆறு வாசல்லயும் ஆளு வெளிய வருதுங்கம்மா. அம்புட்டுப் பேரையும் ஒரே சந்துல தள்ளுனா நெரிசல்தானங்க? ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு ரோடு போட்டுருவோம். வண்டி லேசா மூச்சு விடும்."

உன் அப்பா அந்தப் பேச்சிலேயே விழுந்துவிட்டார். நான் விழவில்லை. இவ்வளவு அழகாகப் பேசுகிறவர் வேலையில் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் செய்த வேலையைப் பார்த்தேன், வளைப்பதில் குறை சொல்ல முடியாது. குழாய்க்குள் காய்ந்த ஆற்றுமணலைக் குத்தி இறுக்கி, இரண்டு முனையையும் கட்டையால் அடைத்து, உலையில் சிவக்கவைத்து வளைத்தார். ஒரு குழாய்கூட நசுங்கவில்லை. ஆறையும் ஒரு இரும்புப் பட்டையில் ஒட்டி, அந்தப் பட்டையை இன்ஜினோடு போல்ட் போட்டு முடுக்கினார். கீழே ஆறும் ஒன்று சேரும் இடத்தில் பெரிய குழாய். அந்தப் பெரிய குழாய்க்கு வழி போதவில்லை. ஸ்டியரிங் தண்டு குறுக்கே நின்றது. அதற்காகக் குழாயை என் பக்கம் தள்ளி, முன்சீட்டில் நான் கால் வைக்கும் பலகையின் மூலையை வெட்டி, மேலே தகரம் வைத்து ஆணி அடித்தார். புகை வெளியேறும் முனையையும் பழையபடி வண்டியின் பின்னால் கொண்டுபோகாமல் பின்கதவுக்கு அடியிலேயே நிறுத்திவிட்டார். அப்போதுதான் சத்தம் கம்பீரமாக இருக்குமாம்.

சத்தம் கம்பீரமாகத்தான் இருந்தது. வண்டியும் ஓடியது, பொய் சொல்ல மாட்டேன். திருமயம் ரோட்டில் உன் அப்பா அதை விரட்டியபோது கோட்டைப் பாறை எங்களை நோக்கி ஓடிவருவதுபோல இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணமான நாளில்கூட நான் பார்க்கவில்லை. அதுவும் எனக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை.

தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அப்போது நாங்கள் அடிக்கடி போனது ஆவுடையார்கோவிலுக்கு, உன் அத்தை வீட்டுக்கு. உன் அப்பாவைப் பெற்ற ஐயா காலமான பின் கண்மாய்ப் பாசன நிலம் ஒன்றை யாருக்கு எழுதுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அத்தை அது தனக்கு வேண்டும் என்று கேட்டாள். உன் பெரியப்பா முடியாது என்றார். உன் அப்பா நடுவில் நின்றார். பேச்சு எப்படி இருந்தாலும் அத்தை வீட்டில் இலை போடாமல் அனுப்பமாட்டாள். சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறித் திரும்பினால், அறந்தாங்கி தாண்டும்போது உன் அப்பாவுக்கு நெற்றிப்பொட்டில் அடிக்கும். எனக்கு வயிறு புரட்டும். நீ பின்சீட்டில் துணிமூட்டைபோலச் சுருண்டு தூங்குவாய், வீடு வந்து எழுப்பினால் வாந்தி எடுப்பாய். மறுநாள் எல்லாம் சரியாகிவிடும். முதல் தடவை வெயில் என்றோம். அடுத்த தடவை மீன் குழம்பு என்றோம். அதற்கடுத்த தடவை இலையில் என்னென்ன இருந்தது என்று ஒவ்வொன்றாக எண்ணிப்பார்த்தோம்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு நாள் அங்கிருந்து திரும்பும்போது அடைமழை. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. எனக்குப் புரட்டிக்கொண்டு வரவே, நனைந்தாலும் பரவாயில்லை என்று என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டேன். உன் அப்பா இரண்டு தடவை கண்ணைத் துடைத்தார். என்னவென்று கேட்டேன். ரோடு ரெண்டாத் தெரியுது என்று குழறினார். நிறுத்துங்கள் என்று நான் சொல்லி முடிக்கும் முன் அவர் தலை ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்துவிட்டது. கால் மட்டும் அழுத்தியபடியே இருந்தது. கண்மாய்க் கரை மேல் வண்டி ஏறியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன், வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. வண்டி ஒரு பனைமரத்தில் உரசி, முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றது. அந்தப் பக்கம் முழுக்கத் தண்ணீர். உன்னைப் பின்சீட்டிலிருந்து இழுத்து மழையில் போட்டேன். உன் கன்னம் சிவந்திருந்தது. உடம்பில் ஓர் அசைவும் இல்லை. பேர் சொல்லிக் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தேன். நீ கண் திறந்து, ஏன் ஆத்தா அடிக்கிற என்று கேட்டாய். திறந்த கதவு வழியே மழைக்காற்று பட்டு உன் அப்பாவும் முனகிக்கொண்டு எழுந்தார். அந்த மழையில் நான் எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

விஷயம் தெரிந்ததும் உன் பெரியப்பா வந்தார். ஒவ்வொரு தடவையும் எங்கே சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். பதில் அவருக்கு முன்பே தெரியும். இது இடுமருந்து என்றார். சோற்றில் மருந்து வைத்து ஆளை மயக்கிக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாள், சொந்தத் தங்கச்சியே இப்படிச் செய்கிறாள் என்றார். உன் அப்பா தலையை ஆட்டி மறுத்தார், ஆனால் வாயால் மறுக்கவில்லை. நானும் யோசித்தேன். அவள் ஏன் எப்போதும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்துகிறாள்? அவள் பிள்ளைகள் ஏன் எங்களோடு உட்காருவதில்லை? அப்போது தெய்வானை இடுப்புக் குழந்தை. அவளுக்கு வேறு கிண்ணத்தில் ஊட்டினாள் என்பதுகூட எனக்கு அப்போது ஒரு சாட்சியாகத் தெரிந்தது. கைக்குழந்தைக்கு யார்தான் மிளகாய்க் குழம்பு ஊட்டுவார்கள்? சந்தேகம் வந்துவிட்டால் இந்த எளிய கேள்வி தோன்றாது.

மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் பெரியப்பா எங்களைக் கூட்டிப்போனார். ஏதோ கசப்புச் சாற்றைக் குடிக்கவைத்து உன் அப்பாவைக் குடல் வெளிவரும்படி வாந்தி எடுக்கவைத்தார் அந்த ஆள். பிறகு வாழையிலையில் ஒரு உருண்டையைக் காட்டினார். முடியும் பிசினும் கலந்த மாதிரி இருந்தது. பெரியப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்த ஆளின் இடதுகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் உள்ளே போனதிலிருந்து அது மூடியே இருந்தது, இப்போதுதான் திறந்திருந்தது. இலையெல்லாம் நனைந்திருக்க அந்த உருண்டை மட்டும் காய்ந்திருந்தது. வரும் வழியில் உன் அப்பாவிடம் சொன்னேன். வயித்த விட்டு வந்தாச்சு, ஆராய்ச்சி வேணாம் என்றார். அவருக்குக் குணமாகியும்விட்டது. தலைவலியே இல்லை. ஊரே அதை நம்பியது. அத்தை வீட்டுக்குப் போக்குவரத்து நின்றது. அவள் ஆள் அனுப்பினாள், பதில் சொல்லவில்லை. தீபாவளிக்கு அவள் கொடுத்தனுப்பிய பலகாரத்தைப் பெரியப்பா வாசலோடு திருப்பி அனுப்பினார். கொண்டுவந்தவர்கள் காரணத்தையும் கேட்டுக்கொண்டு போனார்கள். காரணம் அவள் காதுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

பனைமரத்தில் உரசிய வண்டி அந்த நாட்களிலெல்லாம் தகர வேலைக்காகப் பட்டறையில் நின்றது என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான். வண்டி திரும்பி வந்தது. கார்த்திகைக்கு விராலிமலை முருகனுக்கு வேண்டுதல் செலுத்தக் கிளம்பினோம். அன்று எல்லோருக்கும் விரதம், உனக்கும்கூட. பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். மலையடிவாரத்தில் இறங்கும்போது உன் அப்பா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நீ படிக்கட்டில் உட்கார்ந்து வெறும் வயிற்றோடு ஓங்கரித்தாய். பாறை மேல் நின்ற மயில் ஒன்று உன்னையே பார்த்தது. நான் உன் முதுகைத் தடவிக்கொண்டே, இன்றைக்கு இவனுக்கு யார் சோறு போட்டார்கள் என்று யோசித்தேன். யாரும் போடவில்லை. படியேறிச் சாமி கும்பிட்டதே நினைவில்லை. திரும்பும்போது கண்ணாடியெல்லாம் இறக்கச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலை வண்டியைக் கொட்டகையில் வைத்து ஓடவிடச் சொன்னேன். எதற்கு என்று உன் அப்பா கேட்டார். சும்மா என்றேன். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன். அவருடைய வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து என் காலடித் தகரத்தின் மேல் விரித்தேன். துண்டு லேசாகத் துடித்தது. இன்ஜின் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி, தூங்குகிறவர் மார்பு போல மேலும் கீழுமாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் ஓரம் முழுக்கக் கருப்புக் கோடு விழுந்தது. எனக்குப் பழக்கமான அந்தத் தலைபாரமும் வந்தது. இறங்கி வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு, இன்ஜினை நிறுத்தச் சொல்லி, அடுக்களையிலிருந்து தோசைக் கரண்டியை எடுத்துவந்து அந்தத் தகரத்தை நெம்பினேன். கீழே, ஆறு குழாயும் ஒன்று சேரும் ஒட்டில் முடி போல ஒரு கீறல். சுற்றிலும் கரி.

லூர்துசாமியை வரவழைத்தோம். முதலில் அவர் குனிந்து பார்க்கவே இல்லை.

"நம்ம ஒட்டு பிரியாதுங்கம்மா. யாரோ கை வச்சிருக்காங்க. வீட்டுக்கு வேண்டாதவுக இருக்காங்களா?"

"இருந்தாகன்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சோம். போல்ட்டப் பாருங்க, துரு அப்படியே இருக்கு. யாரு கை வச்சது?"

அதற்குப் பிறகு குனிந்தார். எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும், தப்பு தெரிந்த பின் அவர் பூசி மெழுகவில்லை. இன்ஜின் ஓடும்போது ஆடும், குழாயையோ நான் வண்டியின் அடிச்சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டேன், அது ஒட்டில் இழுத்துக் கீறிவிட்டது என்று சொன்னார். ஒட்டும் சூட்டில் மேல்பட்டையும் வளைந்துபோய் இன்ஜினோடு ஒட்டாமல் நின்றிருந்தது. பட்டையைத் தடித்த இரும்பில் புதிதாக வெட்டி, கண்ணாடிப் பலகை மேல் மையைத் தடவி, பட்டையை அதில் வைத்துப் பார்த்து, மை ஒட்டிய மேட்டையெல்லாம் மட்டமாக அராவினார். நடுவில் புகை கசியாமல் அடைக்கப் புதுக் கேஸ்கட் வைத்தார். குழாயை வழியில் வெட்டி, வளைந்துகொடுக்கும் மடிப்புக் குழாய் ஒன்றைச் சேர்த்தார். சட்டத்தில் இறுக்கிக் கட்டாமல் டயர் ரப்பர் வாரில் தொங்கவிட்டார். முனையைப் பின்பம்பரைத் தாண்டிக் கொண்டுபோனார். காலடித் துவாரத்தைத் தகரத்துக்குப் பதிலாகத் தட்டு வைத்து, ரப்பர் கொடுத்துத் திருகாணி போட்டு மூடினார். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, ஆறியதும் எல்லா நட்டையும் மறுபடி முடுக்கினார். முதல் தடவை அதைச் செய்யாமல் விட்டதும் ஒரு காரணம் என்றார். வெள்ளைத் துண்டை மறுபடி விரித்தேன். அசையவில்லை. அப்படியும் அந்த வண்டியில் நான் கண்ணாடியை முழுக்க ஏற்றவிட்டதில்லை. ஏன் என்று சின்ன வயதில் நீ கேட்டுக்கொண்டே இருப்பாய். சில வருஷம் கழித்து அதே மாடல் வண்டி ஒன்றை உடைத்து விற்றபோது கம்பெனி வார்ப்பு கிடைத்தது. உன் அப்பா மனசில்லாமல் அதை மாட்டினார். நீ இப்போது பார்ப்பது அதைத்தான்.

உன் சிநேகிதர்கள் கெட்டிக்காரர்களாகவே இருக்கட்டும். நான் எழுதிய ஒவ்வொன்றையும் அவர்களிடம் கேள். முனை எங்கே முடிகிறது என்று முதலில் கேள். ரேஸ் ஓட்டுகிறவனுக்குக் கதவுக்கு அடியில் முடிந்தாலும் பாதகமில்லை, அவன் பின்சீட்டில் பெண்டாட்டியை உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவதில்லை. பதில் வேகமாக வந்தால் நம்பாதே. நனைத்த துண்டை நீயே விரித்துப் பார். அது துடிக்காவிட்டாலும் கண்ணாடியை இறக்கியே ஓட்டு. சந்தேகப்படுவது பாவமில்லை, தம்பி. என் சந்தேகம்தான் அன்றைக்கு அந்தத் தகரத்தின் மேல் துண்டை விரிக்கவைத்தது. ஆனால் நாங்கள் மனுசர்களைச் சந்தேகப்பட்ட அளவுக்கு இரும்பைச் சந்தேகப்படவில்லை. இரும்புக்கு நம் மேல் கோபமில்லை, காணிநிலத்தில் ஆசையில்லை, அதனால் அதைப் பார்க்கத் தோன்றவில்லை.

குழாயைச் சரிசெய்ய ஒரு வாரம் போதுமாயிருந்தது. உன் அத்தை வீட்டு வாசலை மிதிக்க உன் அப்பாவுக்குத் தை பிறக்க வேண்டியிருந்தது. பெரியப்பா வர மறுத்துவிட்டார். அவர் கடைசிவரை அந்த உருண்டையைத்தான் நம்பினார். நாங்கள் இருவரும் போனோம். உன் அப்பா மேனிபோல்டு, குழாய், கீறல் என்று எல்லாவற்றையும் அவளிடம் விளக்கினார். புகையில் வாசனையில்லாத விஷம் இருக்கிறதாம், டாக்டரும் சொன்னார் என்றார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி நின்றாள். எல்லாம் முடிந்ததும், சாப்பிட்டுப் போகலாம் என்று இலை போட்டாள். சோறும் குழம்பும் பொரியலும் வைத்தாள். உன் அப்பா கை வைக்கப்போனார். அவள் அவர் முன்னால் உட்கார்ந்து, அவர் இலையிலிருந்தே ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு எடுத்து, வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு என் இலையிலும் அப்படியே.

"இப்பச் சாப்பிடுங்கண்ணே."

உன் அப்பாவால் இலையைப் பார்க்க முடியவில்லை. எதற்கு இது, நாங்கள்தான் வந்து சொல்லிவிட்டோமே என்று அவள் கையைப் பிடித்தேன்.

"இருக்கட்டும் மதினி. ஒங்களுக்காக இல்ல. எனக்கு நிம்மதியா இருக்கும்."

நிலத்தை உன் அப்பா பிறகு அவள் பேருக்கே எழுதவைத்தார். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சந்தோஷமும் படவில்லை. போக்குவரத்து பழையபடி ஆனது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் எங்களுக்குப் பரிமாறும்போது அவள் முதல் வாய் எடுக்காமல் இருந்ததில்லை. காப்பியென்றால் தன் தம்ளரில் ஒரு மடக்கு ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் கொடுப்பாள். உப்புப் பார்ப்பதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் இருவரும் தலையைக் குனிந்து சாப்பிடுவோம்.

போன மாதம் நிச்சயதார்த்தத்தன்று தெய்வானை உனக்குப் பாயசம் கொண்டுவந்தாள். கொடுக்கும் முன் கரண்டியில் கொஞ்சம் எடுத்துத் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் முன்பே என்ன அவசரம் என்று பெண்கள் கேலி செய்தார்கள். நீயும் சிரித்தாய். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவளுக்குக் காரணம் தெரியாது. விருந்தாளிக்குப் பரிமாறும் முறையே அதுதான் என்று அவள் அம்மாவைப் பார்த்து வளர்ந்திருக்கிறாள். உன் அத்தை தூணோரம் நின்று என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

தெய்வானையிடம் இந்தக் கதையை நீ சொல்ல வேண்டாம். உன் வீட்டில் அவள் முதல் முறை உனக்கு இலை போட்டுப் பரிமாறும்போது, அவள் கை இலைக்கு வரும் முன்பே நீ ஒரு வாய் அள்ளிச் சாப்பிட்டுவிடு. உப்பில்லாவிட்டாலும் பரவாயில்லை. தினமும் அப்படியே செய். அந்தப் பழக்கத்தை அவள் மறக்கும்வரை செய்.

உன் ஆத்தா